பாஸ்டன் வெயிலில் ஒரு தர்மபுரி வீடு

தர்மபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டிய ஒரு மனை. 30-க்கு 40. மேற்குப் பார்த்தது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று கட்டத் திட்டம். உரிமையாளர்கள் இருவருமே பள்ளி ஆசிரியர்கள். இந்த ஊரில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் எழும்பும் வீடுகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அதனால்தான் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். வடிவமைப்பு மென்பொருள் பற்றிய பயிற்சிகளில் எப்போதும் விமான நிலையம், இருபது மாடிக் கோபுரம், கண்ணாடி அலுவலகம் என்றுதான் காட்டுவார்கள். மாவட்டத் தலைநகரில் நான்கு பேர் உட்கார்ந்து பிளான் போடும் ஓர் அலுவலகத்துக்கு அந்தப் பயிற்சியால் என்ன ஆகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

அந்த நான்கு பேர்: அலுவலகத்தை நடத்தும் பொறியாளர், கணினியில் பிளான் வரையும் ஆட்டோகேடில் விரல் பழகிய மூத்த டிராஃப்ட்ஸ்மேன், சைட்டையும் அலுவலகத்தையும் மாறிமாறிப் பார்க்கும் ஒரு பையன், பி.இ. சிவில் முடித்து, பெங்களூருவில் வார இறுதி வகுப்பில், கட்டடத்தை முப்பரிமாணத்தில் போடும் ரெவிட் மென்பொருளைப் படித்துவிட்டு வந்து சேர்ந்த பெண். நான் இந்த அலுவலகத்துக்குச் சனிக்கிழமை மதியங்களில் போய், அவர்களோடு சேர்ந்து மென்பொருளைப் பழக்கப்படுத்த உதவியவன்.

வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி. இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டில் மேல்தளம் ராத்திரி பதினொரு மணிவரை அனலாகக் கொதிக்கிறது. புது வீட்டிலும் அப்படித்தான் இருக்குமா? கூடவே ஒரு நிபந்தனை. "படுக்கையறை கன்னி மூலையிலதான் இருக்கணும் சார். அதை மட்டும் மாத்தாதீங்க." கன்னி மூலை என்றால் தென்மேற்கு. வெயில் கணக்கில் பார்த்தால் வீட்டிலேயே மோசமான மூலை அதுதான். வாஸ்து நம்பிக்கையைப் பற்றி வீட்டுக்காரரிடம் வாதாடுவது பொறியாளரின் வேலை அல்ல என்று இந்த அலுவலகம் முடிவெடுத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த மூலையிலேயே அறையை வைத்து, சூட்டைக் குறைக்க என்ன வழி என்பதுதான் கணக்கு.

வகுப்பில் படித்தது

அந்தப் பெண் படித்த வகுப்பைக் குறை சொல்ல முடியாது. சுவர் போடுவது, கதவு ஜன்னல் வைப்பது, மாடிப்படி, கூரை, ஷீட் அமைப்பது, அளவுப் பட்டியல் எடுப்பது எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வந்த முதல் வாரமே இந்த வீட்டின் முப்பரிமாண மாதிரியைப் போட்டுக் காட்டிவிட்டார். நிழல் விழும் படம் உட்பட. வீட்டுக்காரர் அசந்துபோனார்.

நிழல்தான் எனக்கு உறுத்தியது. ஜூன் நண்பகல் படத்தில் வீட்டின் நிழல் வடக்கே நீண்டு கிடந்தது. தர்மபுரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 22 வாக்கில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் 20 வாக்கில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழவேண்டும். ஜூன் 21 அன்று சூரியன் உச்சியிலிருந்து 11 டிகிரி வடக்கே நிற்கும். படத்தில் இது தலைகீழாக இருந்தது.

இருப்பிடம் என்ற பெட்டியைத் திறந்து பார்த்தால் பாஸ்டன் என்றிருந்தது. ரெவிட் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த மென்பொருள். 2000-இல் வெளிவந்தது, 2002-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. அது தன் பிறந்த மாநிலத்தின் தலைநகரையே தொடக்க இருப்பிடமாக வைத்துக்கொண்டு வருகிறது. மாற்றாவிட்டால் அப்படியே இருக்கும். பாஸ்டன் 42 டிகிரியில் உள்ளது. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே போகவே போகாது.

ஊரை மாற்றியதும் நிழல் திரும்பியது. ஆனாலும் இன்னொரு பெட்டி பாக்கி. சாலை நேர் வடக்கு தெற்காக ஓடவில்லை, சாய்ந்து ஓடுகிறது. வரைவதற்கு வசதியாக மனையை நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். வரைபடத்தின் வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு என்று மென்பொருள் இரண்டு வடக்குகளை வைத்திருக்கிறது. இரண்டாவதைத் திருத்தாமல் விட்டால் மேற்கு வெயில் சுவரில் படும் கோணமே தப்பாகிவிடும்.

இங்கேதான் பயிற்சி திசை மாறியது. கட்டளைகளைக் கற்பது போதும், இனி ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் பெட்டிகளைக் கற்போம் என்று முடிவானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பெட்டியைத் திறந்து, இந்த எண் யார் போட்டது, எந்த ஊருக்குப் போட்டது, நமக்கு எவ்வளவு வரவேண்டும் என்று கேட்பது. என்னைக் கேட்டால், நம் ஊர் வகுப்புகள் முதல் நாளே இதிலிருந்து தொடங்கவேண்டும். சுவர் வரைவதை யாரும் யூடியூபில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

மனையடியும் சுவர்க் கோடும்

படுக்கையறை உள்ளளவு 10-க்கு 11 அடி என்று பேச்சு. மனையடிக் கணக்கில் 10, 11, 16 எல்லாம் ஏற்ற அளவுகள், 9 ஆகாது. மாதிரியில் அறை 10-க்கு 11 என்றுதான் காட்டியது. மூத்த டிராஃப்ட்ஸ்மேன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது பூச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. மென்பொருளில் சுவரை எந்தக் கோட்டைப் பிடித்து வரைகிறோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: சுவரின் நடுக்கோடா, செங்கல் முகமா, பூச்சு முடிந்த முகமா என்று. வகுப்பில் எல்லாவற்றையும் நடுக்கோட்டில் வரையச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் போட்ட 9 இன்ச் சுவருக்குப் பூச்சு அடுக்கே கிடையாது. இரண்டு பக்கமும் 12 மி.மீ. பூசினால் அறை ஏறக்குறைய ஓர் இன்ச் குறுகும். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் டேப் வைத்து அளப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். 9 அடி 11 இன்ச் வந்தால் அது 9-இல்தான் சேரும்.

"அண்ணா, அப்ப சுவரோட உள் பூச்சு முகத்தை வச்சு வரையணுமா?"

"ஆமாம்மா. மேஸ்திரிக்குப் பூச்சுக்கு முந்தின அளவு குடு. வீட்டுக்காரருக்குப் பிந்தின அளவு காட்டு. ரெண்டையும் ஒரே படத்துல போட்டா சைட்டுல சண்டைதான்."

புது மென்பொருளுக்கு மாறவே மாட்டேன் என்றிருந்தவர் இவர்தான். கடைசிவரை மாறவும் இல்லை. அனுமதிக்கு ஏற்றும் படம் இன்றும் அவர் ஆட்டோகேடில் போடுவதுதான். அதில் தவறில்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் உள்ள தரைதளம் அல்லது தரையும் முதல் தளமுமான வீட்டுக்கு இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. அதற்கு முப்பரிமாண மாதிரி எதுவும் தேவையில்லை. ஆனால் அலுவலகத்தின் கதவு, ஜன்னல் தொகுப்பு முழுக்க இவர் சொல்லச் சொல்ல உருவானது. மென்பொருளோடு வந்த கதவுகள் நம் ஊர் அளவுகள் அல்ல. நம் ஊரில் 3 அடிக் கதவு என்றால் நிலையின் வெளியளவைச் சொல்கிறோமா, கதவின் அளவைச் சொல்கிறோமா, எந்தப் பட்டறைக்காரர் எதைச் சொல்வார் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றியதுதான் இந்த முயற்சியில் கிடைத்த முதல் உருப்படியான சொத்து.

சூட்டுக் கணக்கு

வீட்டுக்காரரின் கேள்விக்கு விடை தேட எனர்ஜிபிளஸ் என்ற கணிப்பு மென்பொருளை எடுத்துக்கொண்டோம். அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தருவது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் ஒவ்வோர் அறையிலும் என்ன வெப்பம் இருக்கும் என்று கணக்கிடும். நேரடியாகக் கையாள முரடு. அதனால் அதை எளிதாகக் கையாள உதவும் ஓபன்ஸ்டுடியோ என்ற இன்னொரு மென்பொருள் வழியாகப் போனோம்.

ரெவிட் மாதிரியை அப்படியே ஏற்றுமதி செய்து பார்த்தார்கள். படிக்கட்டு இடைவெளியும் சுவர் மூலைகளும் ஒட்டாமல், பாதி அறைகள் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தன. சரி என்று அதை விட்டுவிட்டு, மேல்தளத்தை நான்கு பெட்டிகளாகப் புதிதாகப் போட்டோம். அழகான மாதிரி சூட்டுக் கணக்குக்கு உதவாது. இதை எந்த விற்பனைப் பேச்சிலும் கேட்க முடியாது.

முதல் கணிப்பு மிக இனிமையாக வந்தது. ஏப்ரலில்கூட மேல்தளம் பரவாயில்லை என்றது. காரணம், நாங்கள் திருத்தாமல் விட்ட இரண்டு விஷயங்கள்.

ஒன்று கூரை. ஓபன்ஸ்டுடியோவோடு வரும் தயார்நிலைக் கட்டுமான வகைகள் அமெரிக்க விதிமுறைகளைப் பின்பற்றுபவை. அதில் கூரை என்றாலே தடித்த வெப்பக்காப்பு உண்டு. நம் கூரை 5 இன்ச் கான்கிரீட். கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். கான்கிரீட்டின் வெப்பக் கடத்துதிறன் 1.58 என்று வைத்து, அடியில் பூச்சையும் இரண்டு பக்கக் காற்றுப் படலத்தையும் சேர்த்தால், யு மதிப்பு, அதாவது கூரை உள்ளே கடத்தும் சூட்டின் அளவு, சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 3 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. 2018-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த விதி 500 சதுர மீட்டர் மனைக்கு மேல்தான் பொருந்தும், இந்த வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நம் கூரை அதைப்போல இரண்டரை மடங்கு சூட்டை உள்ளே விடுகிறது.

இன்னொன்று வானிலைக் கோப்பு, அதாவது ஓர் ஊரின் வருட வானிலையை மணிக்கு மணி கணினிக்குச் சொல்லும் கோப்பு. வகுப்பு பெங்களூருவில் நடந்ததால் கையில் இருந்தது பெங்களூருக் கோப்பு. "பக்கத்து ஊருதானே" என்றார் பொறியாளர். தூரத்தில் பக்கம்தான். ஆனால் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். தர்மபுரி அதில் பாதி. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில் பார்த்தாலே 3 டிகிரி வேறுபாடு. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் கிளம்பி, சூளகிரி தாண்டி ஓசூர் மேட்டில் ஏறும்போது ஜன்னலை மூடிக்கொள்கிற எவருக்கும் இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த அனுபவம் எங்கோ போய்விடுகிறது.

சென்னைக் கோப்பைப் போடலாமா என்றால் அங்கே கடற்காற்றும் ஈரப்பதமும் வேறு. கடைசியில் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் பி.வி.ஜி.ஐ.எஸ். தளத்தில் மனையின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, அந்த இடத்தின் வழக்கமான ஒரு வருட வானிலையைக் காட்டும் கோப்பை இறக்கினோம். சூரிய மின்தகடு போடுபவர்களுக்காக உருவான சேவை அது, இலவசம். செயற்கைக்கோள் தரவும் வானிலை மறுகணிப்பும் கலந்த எண்கள் என்பதால், மேடு பள்ளம் உள்ள இடத்தில் அப்படியே நம்பக்கூடாது. பொறியாளரின் சொந்த வீட்டில் இதே மாதிரி மொட்டைக் கான்கிரீட்டின் கீழ் ஓர் அறை இருக்கிறது. அங்கே சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை மாட்டி, சைட் பார்க்கும் பையன் காலை, மதியம், இரவு குறித்து வந்தான். அந்த அறையையும் மாதிரியாகப் போட்டு ஒப்பிட்டோம். ஏற்ற இறக்கம் ஒத்துப்போன பிறகுதான் புது வீட்டுக் கணிப்பை நம்பத் தொடங்கினோம்.

கிலோவாட் வேண்டாம்

அறிக்கையில் முதலில் வந்து நிற்பது ஆண்டு மின்செலவு. வருடம் முழுக்க, எல்லா அறையிலும், ஏ.சி. ஓடும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. இந்தக் குடும்பம் ஒரே ஓர் அறையில், கோடையில், ராத்திரி மட்டும் ஏ.சி. போடும். இவர்களிடம் போய் இத்தனை யூனிட் மிச்சம் என்று சொல்வது ஏமாற்று.

அதனால் அளவை மாற்றினோம். ஏ.சி. இல்லாமல் அறை எத்தனை மணி நேரம் தாங்க முடியாத சூட்டில் இருக்கிறது என்று எண்ணினோம். தாங்கும் எல்லையை எப்படி வைப்பது? குளிர்நாட்டுக்காரர்களின் 24, 25 டிகிரி இங்கே எடுபடாது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியக் கட்டடங்களில் நடத்திய ஆய்விலிருந்து ஒரு வாய்பாடு கிடைத்திருக்கிறது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. காற்றோட்டமுள்ள கட்டடத்தில், வெளியே ஒரு மாதச் சராசரி வெப்பத்தை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டவேண்டும், அதிலிருந்து மேலும் கீழும் ஏறக்குறைய 2.4 டிகிரி வரை பெரும்பாலானவர்களுக்குச் சௌகரியம். வெளிச் சராசரி 30 என்றால் நடு எண் 29, மேல் எல்லை 31.4. ஃபேன் காற்றில் 31 டிகிரியில் தூங்கிப் பழகிய நமக்கு இது நியாயமாகவே தெரிகிறது.

இந்த அளவில் பார்த்தால், சூட்டுக்கு எது அதிகக் காரணம் என்ற வரிசை தெளிவாக வந்தது. கூரை முதலில். வெகு தூரம் தள்ளி மேற்கு ஜன்னல். சுவர் கடைசி. வீட்டுக்காரர், உள்ளே காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான ஏ.ஏ.சி. பிளாக் கல் போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று எங்கோ கேட்டுவிட்டு, அதற்குத்தான் பணம் ஒதுக்கியிருந்தார். அந்தக் கல் செங்கல்லைவிடச் சூட்டை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுக்க வெயில் குடிக்கும் கூரையை அப்படியே விட்டுவிட்டு சுவருக்குச் செலவழிப்பதில் பலன் குறைவு. பணம் கூரைக்கு மாறியது. கான்கிரீட்டின் மேல் எக்ஸ்.பி.எஸ். எனப்படும் கெட்டியான தெர்மோகோல் பலகை 25 மி.மீ., அதன் மேல் நீர்வாட்டம் கொடுத்த கலவை, வெள்ளைத் தட்டு ஓடு. யு மதிப்பு 1-க்குக் கீழே வந்துவிட்டது. சுவர் பழைய 9 இன்ச் செங்கல்லாகவே நின்றது.

மேற்கு ஜன்னலுக்கு மேஸ்திரி சொன்ன தீர்வு சன்ஷேடை இரண்டு அடிக்கு நீட்டுவது. ஏப்ரல் 22 மாலை நான்கு மணிக்கு சூரியன் 35 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில் நிற்கும். அப்போது இரண்டு அடி சன்ஷேட் தரும் நிழல் ஒன்றரை அடிக்கும் குறைவு. ஐந்து மணிக்கு முக்கால் அடி. 4 அடி ஜன்னலில் மீதி முழுக்க வெயில். அதே சன்ஷேட் தெற்குச் சுவரில், டிசம்பர் நண்பகலில் சூரியன் 54 டிகிரிக்குத் தாழ்ந்து நிற்கும்போதுகூட, இரண்டே முக்கால் அடிக்கு நிழல் தரும். பெரிய ஜன்னல் தெற்குக்குப் போனது. மேற்கில் குறுகிய ஜன்னல், வெளியே சிமென்ட் ஜாலி. "இந்த ஜாலி அழகுக்குங்களா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். பொறியாளர் அவரை மாலையில் பக்கத்து வீட்டு மேற்குச் சுவரில் கை வைக்கச் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கணிப்பு தப்பிய இடம்

வீடு முடிந்து ஒரு கோடையும் கடந்துவிட்டது. மேல்தளம் பழைய வாடகை வீட்டைப்போல் கொதிக்கவில்லை. பகல் வெப்பம் கணிப்பை ஒட்டியே இருந்தது. ராத்திரி மட்டும் கணிப்பைவிட அறை சூடாக இருந்தது. எங்கே தவறு என்று தேடினால், அது ஜன்னலில் இருந்தது. இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஜன்னல்கள் திறந்திருக்கும் என்று மாதிரியில் போட்டிருந்தோம். அந்த வீட்டில் மாலை ஆறு மணிக்கே எல்லா ஜன்னலும் சாத்தப்படுகிறது. கொசு.

கொசுவலைக் கதவு அடித்த பிறகு ஜன்னல் திறந்தது, இரவுச் சூடும் இறங்கியது. இப்போது அலுவலகத்தில் புது வேலை வந்தால், வீட்டுக்காரரிடம் கேட்கும் பட்டியலில் "சாயந்திரம் எப்ப ஜன்னல் சாத்துவீங்க?" என்ற கேள்வி இருக்கிறது. கேட்பவர் அந்தப் பெண். ஆண்கள் கேட்டபோது "திறந்துதான் இருக்கும்" என்றே பதில் வந்ததாம். வீட்டம்மாவிடம் கேட்டால்தான் உண்மை வருகிறது.

காசு

ஆட்டோடெஸ்க் 2016-லிருந்து பெரும்பாலான மென்பொருள்களை ஒருமுறை பணம் கட்டி வாங்கும் முறையை நிறுத்திவிட்டது. வருடா வருடம் சந்தா. சிறு ஊர் அலுவலகங்களில் திருட்டுக் காப்பி ஓடுவது ஊரறிந்த விஷயம். இந்த அலுவலகமும் யோசித்தது. கடைசியில் எடுத்தது, ஆட்டோகேடும் ரெவிட்டும் சேர்ந்த எளிய எல்.டி. தொகுப்பு, ஒரே ஒரு கணினிக்கு. மற்றவற்றில் இலவசக் கருவிகள். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த ஃப்ரீகேடையும் முயன்று பார்த்தார்கள். விவரப் படங்களுக்குப் பயன்படுகிறது, முழு வீட்டுக்கு இன்னும் கை வரவில்லை. கம்பி வடிவமைப்பு வழக்கம்போல் சேலத்திலுள்ள ஸ்ட்ரக்சரல் பொறியாளருக்குப் போகிறது. ரெவிட் கோப்பைப் புதுப் பதிப்பில் சேமித்தால் பழைய பதிப்பில் திறக்காது என்பதால் அவருக்கு ஆட்டோகேட் கோப்பு வகையான டி.டபிள்யூ.ஜி.யாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள்.

மென்பொருளைவிடப் பெரிய செலவு நேரம். இங்கே பிளானுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் கூலி. சூட்டுக் கணக்குக்கு அதில் இடமில்லை. இந்த ஒரு வீட்டுக்கு அந்தப் பெண் செலவிட்ட நாட்கள் முழுக்க அலுவலகத்தின் கைக்காசு. அடுத்த வேலைகளில் வானிலைக் கோப்பும் கூரை அடுக்குகளும் கதவுத் தொகுப்பும் தயாராக இருப்பதால் நாட்கள் பாதிக்கும் குறைவாகிவிட்டன என்றாலும், அந்தப் பாதிக்கும் யாராவது பணம் தரவேண்டும். பொறியாளர் இப்போது மதிப்பீட்டுத் தாளில் "வெப்பக் கணிப்பு" என்று தனியே ஒரு வரி சேர்க்கிறார். ஓசூரில் வீடு கட்டும் ஒருவர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டார். காரிமங்கலத்துக்காரர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, "அதைச் சும்மா பாத்துச் சொல்லிடுங்க சார்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.